பேரீச்சம்பழத்துக்குப் போகலாமா ரேஸ் சைக்கிள்?

கியர் செத்தாலும் வண்டி சாகவில்லை! ஒத்தைப் பல்சக்கரம் போதும்; ஆனால் கம்பியில் கஞ்சத்தனம் கூடாது

(நமது நகர நிருபர்)

சென்னை நகரில் மாடிப்படிக்கு அடியில் ஒரு சொத்து தூங்குகிறது.

அது தங்கமும் அல்ல, வெள்ளியும் அல்ல. பழைய ரேஸ் சைக்கிள்!

1980-களிலும் 1990-களிலும் காலேஜ் பையன்கள் அப்பாவிடம் அடம்பிடித்து வாங்கிய வண்டி. ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். மெல்லிசு டயர். பின் சக்கரத்தில் அடுக்கடுக்காக ஐந்து, ஆறு பல்சக்கரம். அதில் ஏறி வந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

இன்றைக்கு? கியர் துருப்பிடித்து விட்டது. கேபிள் அறுந்து தொங்குகிறது. ரிம் கோட்டம். டயர் வாயைப் பிளக்கிறது. "பழைய இரும்பு, ஈயம், பித்தளை" என்று தெருவில் குரல் கேட்டதும் வீட்டு அம்மாவுக்கு அந்த வண்டி ஞாபகம் வருகிறது. எடைக்குப் போடுகிறார்கள். அந்தக் காலம் என்றால் பேரீச்சம்பழம். இந்தக் காலத்தில் சில நூறு ரூபாய். அவ்வளவுதான் கதை முடிந்தது.

இது தப்பு என்கிறேன்.

செத்தது கியர்தான், வண்டி அல்ல. பிரேம் இரும்புக் குழாய். முறிவும் வளைவும் இல்லாமல் இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பின் சக்கரத்தை மட்டும் சரியாகக் கட்டி, ஒரே ஒரு பல்சக்கரம் உள்ள சிங்கிள் பிரீவீல் போட்டால் அந்த வண்டி மறுபடியும் ஆபீசுக்கு ஓடும்.

ஆனால் "சரியாகக் கட்டி" என்று சொன்னேன் பாருங்கள், அதில்தான் விஷயமே இருக்கிறது. நம்ம ஆட்கள் கஞ்சத்தனம் காட்டக் கூடாத இடத்தில் காட்டுகிறார்கள். தாராளமாக மிச்சம் பிடிக்கக்கூடிய இடத்தில் காசைக் கொட்டுகிறார்கள். அது வெறும் காசு விஷயம் இல்லை. உயிர் விஷயம்.

"நிலைதடுமாறி" என்ற ஒரு வார்த்தை

தினமும் விபத்துச் செய்தி எழுதுகிறோம். "சைக்கிளில் சென்றவர் நிலைதடுமாறி விழுந்தார். பின்னால் வந்த லாரி ஏறியது" என்று இரண்டு வரி. போலீசார் வழக்குப்பதிவு செய்து லாரி டிரைவரைத் தேடுகிறார்கள். தேட வேண்டியதுதான்.

ஆனால் அவர் ஏன் நிலைதடுமாறினார்?

பள்ளமா? சாக்கடை மூடியா? அல்லது சக்கரத்தில் ஏற்கனவே இரண்டு கம்பி அறுந்து, மூன்றாவது கம்பி அந்த நிமிஷம் அறுந்ததா? அந்தச் சைக்கிள் ஸ்டேஷன் வாசலில் சாய்ந்து கிடக்கும். அதன் கம்பியை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பஸ்சுக்குப் பக்கத்தில் உரசிக்கொண்டு போகிற சைக்கிள்காரனுக்கும் தரைக்கும் நடுவில் இருப்பது ஒரு ரிம்மும் 36 கம்பியும்தான். ஒவ்வொரு கம்பியும் 2 மில்லி மீட்டர் கனம். அதை நினைத்துக்கொண்டுதான் கம்பிக்குப் பேரம் பேச வேண்டும்.

ஒத்தைப் பல்சக்கரம் கேவலமா?

"கியர் இல்லாத ரேஸ் சைக்கிளா? சிரிப்பாங்க" என்று சிலர் சொல்கிறார்கள்.

சிரிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். உலகத்தின் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ் 1903-ல் ஆரம்பித்தது. செயினைத் தள்ளிவிடும் கியரை அந்தப் பந்தயத்தில் 1937-ம் ஆண்டுதான் அனுமதித்தார்கள். அதுவரை மலையேறியதெல்லாம் இப்படித்தான். பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் பல்சக்கரம் இருக்கும். மேடு வந்தால் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். ஆல்ப்ஸ் மலைக்கே அது போதும் என்றால், நம்ம மவுண்ட் ரோட்டுக்குப் போதாதா?

சென்னை தட்டையான ஊர். மேடு என்று சொன்னால் பரங்கிமலை. அதை விட்டால் மேம்பாலங்கள். 1973-ல் கட்டிய ஜெமினி மேம்பாலம் தொடங்கி எல்லாவற்றையும் நம்ம பால்காரரும் தண்ணி கேன்காரரும் கியர் இல்லாமல்தான் ஏறி இறங்குகிறார்கள்.

கணக்கும் சொல்கிறேன். முன்னால் 42 பல். பின்னால் 18 பல். பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின் சக்கரம் இரண்டே கால் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும். வண்டி சுமார் 5 மீட்டர் போகும். நிமிஷத்துக்கு 70 மிதி மிதித்தால் மணிக்கு 21 கிலோ மீட்டர். சைதாப்பேட்டையிலிருந்து பாரிமுனைக்கு சுமார் 10 கிலோ மீட்டர். சிக்னல்களில் நின்று போனாலும் முக்கால் மணி நேரம். பெட்ரோல் பங்கில் கியூ நிற்க வேண்டாம். மாதக் கடைசியில் கைமாற்று வாங்க வேண்டாம்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

கடைக்குக் கடை விலை மாறும். அதனால் ரூபாயை விட்டுவிட்டு, எதை வாங்க வேண்டும், எதை வாங்க வேண்டாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் மிச்சம்: முன் சக்கரம். கியரை எடுப்பதற்கும் முன் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லை. ரிம் நன்றாக இருந்தால் கோட்டம் எடுத்து, கோன், பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்தால் முடிந்தது. "ரெண்டு வீலும் மாத்திடுங்க சார்" என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

இரண்டாவது மிச்சம்: பழைய பின் ஹப்பு. பலர் இதைத் தூக்கி எறிகிறார்கள். எறியாதீர்கள்! அந்த அடுக்குப் பிரீவீல் பெரும்பாலும் மரையில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதே மரையில் நம்ம ஊர் சாதாரண சிங்கிள் பிரீவீல் ஏறும். முதலில் கையாலேயே திருகிப் பாருங்கள். சுலபமாக ஏற வேண்டும். கையால் ஏறாததைச் சுத்தியலால் ஏற்றக் கூடாது. சில வெளிநாட்டு ஹப்புகளில் மரை கொஞ்சம் வித்தியாசப்படும்.

ஹப்பின் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பால்ரஸ் ஓடும் பள்ளம் வழவழப்பாக இருந்தால் ஹப்பு நல்ல ஹப்பு. குழி விழுந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். பின் ஹப்பில் பொதுவாக ஒரு பக்கத்துக்கு கால் அங்குல குண்டு 9. இரண்டு பக்கமும் சேர்த்து 18 குண்டு புதிதாகப் போட எவ்வளவு ஆகிவிடும்?

மூன்றாவது மிச்சம்: செயின். அந்தக் கால ரேஸ் சைக்கிளின் மெல்லிசு செயினைத் தேடி அலைய வேண்டாம். சாதாரணச் சைக்கிளின் அகலச் செயின் போதும். அது முன்னால் இருக்கும் மெல்லிசுப் பல்சக்கரத்திலும் ஓடும். ஆனால் தலைகீழாகச் செய்யாதீர்கள். மெல்லிசு செயின் சாதாரண பிரீவீலின் அகலப் பல்லில் உட்காராது.

நான்காவது மிச்சம்: கியர் சாமான் எல்லாவற்றையும் கழற்றிப் போடலாம். லீவர் வேண்டாம், கேபிள் வேண்டாம். கெட்டுப் போகிற சாமான் குறையக் குறைய ரிப்பேர் செலவும் குறையும். முன்னால் இரண்டு பல்சக்கரம் இருந்தால் உள்ளே இருக்கிற சின்னதையே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே கஞ்சத்தனம் கூடாது?

மூன்றே மூன்று இடம். கம்பி, நிப்பிள், கூலி.

துருப்பிடித்த போக்ஸ் கம்பியைத் துடைத்து மறுபடியும் போடும் வேலை வேண்டவே வேண்டாம். கம்பி பெரும்பாலும் அறுவது ஹப்பின் அருகில், வளைந்து தலை இருக்கும் இடத்தில்தான். வெளியே பார்த்தால் தெரியாது. உள்ளுக்குள் களைத்துப் போயிருக்கும்.

ஏன் களைக்கிறது? இங்கேதான் பலருக்கு ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. பாரம் தாங்காமல் கம்பி அறுகிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் பல நேரம் கம்பி அறுவது லூசாக இருப்பதால்! நன்றாக முறுக்கி இழுத்த கம்பி, பாரம் ஏறும்போது கொஞ்சம் தளர்ந்து, மறுபடி இழுத்துக்கொள்ளும். லூசான கம்பியோ ஒவ்வொரு சுற்றுக்கும் ஆடி ஆடி வளையும். ஆணியை இப்படியும் அப்படியும் வளைத்தால் முறிகிறதல்லவா? அதே கதைதான். இந்தச் சக்கர விஷயத்தை மட்டும் வைத்து ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்க இன்ஜினீயர் 1981-ல் ஒரு புத்தகமே போட்டார். நம்ம தெருமுனை மேஸ்திரி அந்தப் புத்தகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் விஷயம் அவர் விரலுக்குத் தெரியும்.

ரிம் மாற்ற வேண்டி வந்தால் அலுமினியம் ரிம் வாங்குங்கள். மின்னுகிற இரும்பு ரிம் பார்க்க ஜோர்தான். ஆனால் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை அதில் வழுக்கும். ஐப்பசி மழையில் சென்ட்ரல் எதிரே பிரேக் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்!

"எல்லாம் ஒண்ணுதான் சார்!"

ரிம்மும் டயரும் வாங்கப் போகும்போது ஏமாறுவது இங்கேதான்.

28 அங்குலம், 27 அங்குலம், 700 என்று மூன்று பெயர் சொல்வார்கள். "எல்லாம் ஒண்ணுதான் சார், இழுத்து மாட்டுனா மாட்டிக்கும்" என்று கல்லாவில் உட்கார்ந்தவர் சொல்வார். ஒன்று இல்லை! டயர் உட்காரும் இடத்தின் குறுக்களவு மூன்றுக்கும் வேறு வேறு. நம்ம ஊர் பெரிய சைக்கிளின் 28 அங்குலத்துக்கு 635 மில்லி மீட்டர். பழைய ரேஸ் சைக்கிளின் 27 அங்குலத்துக்கு 630. இப்போது கடைகளில் தொங்கும் 700-க்கு 622.

5 மில்லி மீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். அந்த 5 மில்லி மீட்டரில்தான் டயர் ஓடும்போது கழன்று கொள்ளும், அல்லது மாட்டவே மாட்டாது. டயர் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 622, 630, 635 என்று அச்சிட்டிருக்கும். பெயரைக் கேட்காதீர்கள், அந்த நம்பரைப் படியுங்கள்.

சிக்கனத்துக்கு எது நல்லது? 27 அங்குல ரிம் நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ரிம் போய்விட்டது என்றால் 700 ரிம் போடுங்கள். அதற்குத்தான் இன்றைக்கு டயர் சுலபமாகக் கிடைக்கிறது. 630-க்கும் 622-க்கும் வித்தியாசம் 8 மில்லி மீட்டர். ஆக, பிரேக் கட்டை 4 மில்லி மீட்டர் கீழே இறங்க வேண்டும். வாங்குவதற்கு முன்னால் உங்கள் பிரேக்கில் அந்த அளவுக்குக் காடி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இல்லையென்றால் காசைக் கொடுத்துவிட்டுக் கையைப் பிசைய வேண்டியதுதான்.

இன்னொன்று, ஓட்டைக் கணக்கு. நம்ம ஊர் பெரிய சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40 கம்பி. பாரம் பின்னால் அல்லவா! ரேஸ் சைக்கிளில் பெரும்பாலும் இரண்டுக்கும் 36. ஆகவே மலிவாகக் கிடைக்கிறதே என்று பெரிய சைக்கிளின் 40 ஓட்டை ஹப்பை வாங்கி, 36 ஓட்டை ரிம்மில் கட்டச் சொல்லாதீர்கள். நாலு ஓட்டையை என்ன செய்வது? அந்த ஹப்பு அகலமும் குறைவு. பழைய ஐந்து கியர் ரேஸ் சைக்கிளின் பின் கவட்டை 120 மில்லி மீட்டர், ஆறு கியர் என்றால் 126. சின்ன ஹப்பை வைத்து நட்டை முறுக்கினால் கவட்டையே உள்ளே வளையும். அப்புறம் வண்டி நேராக ஓடாது.

பார்க் டவுன் ராசப்ப செட்டி தெருப் பக்கம் சைக்கிள் சாமான் கடைகள் இருக்கின்றன. போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஹப்பையும் ரிம்மையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கம்பி நீளத்தை மேஸ்திரி அளந்து சொன்ன பிறகு வாங்குங்கள். 700 ரிம்முக்கு 290 முதல் 300 மில்லி மீட்டருக்குள் பெரும்பாலும் வரும். ஆனால் "பெரும்பாலும்" என்பதை நம்பி 36 கம்பி வாங்கக் கூடாது. 2 மில்லி மீட்டர் கூடினால் கம்பி முனை டியூபைக் குத்தும். குறைந்தால் நிப்பிளில் மரை பிடிக்காது.

வேலை எப்படி நடக்கிறது?

வாசகர்கள் பக்கத்தில் நின்று கவனிக்க இதோ விவரம்:

முதல் வேலை, பழைய அடுக்குப் பிரீவீலைக் கழற்றுவது. இதைக் கம்பி அறுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும். அவசரக்காரர்கள் கம்பியை வெட்டிவிட்டு வெறும் ஹப்பைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறார்கள். பிரீவீலைத் திருப்ப ரிம்தான் கைப்பிடி. அது போய்விட்டால் பிரீவீல் வராது, ஹப்பும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

அடுத்து அச்சு. அடுக்குப் பிரீவீலுக்காக வலது பக்கம் நிறைய வாஷர் போட்டிருப்பார்கள். ஒத்தைப் பல்லுக்கு அவ்வளவு இடம் தேவையில்லை. வலது வாஷரில் சிலதை எடுத்து இடது பக்கம் போட வேண்டும். முன் பல்லும் பின் பல்லும் ஒரே நேர்கோட்டில் வரும் வரை மாற்ற வேண்டும். பின்னால் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு செயினைப் பார்த்தாலே தெரியும்.

ஹப்பு வலது பக்கம் நகர்ந்து விட்டதால் ரிம் நடுவில் இருக்காது. வலது கம்பிகளைத் தளர்த்தி இடது கம்பிகளை முறுக்கி ரிம்மை நடுவுக்குக் கொண்டு வர வேண்டும். இதில் ஒரு லாபம். கியர் சக்கரத்தில் வலது கம்பி விறைப்பாகவும் இடது கம்பி தொளதொள என்றும் இருக்கும். இப்போது இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமாகும். சக்கரம் முன்னைவிட பலமாகும். கியர் போனதில் சக்கரத்துக்கு லாபம்தான்!

பழைய ரிம்மும் கம்பியும் நன்றாக இருந்தால் இத்தோடு வேலை தீர்ந்தது. இல்லையென்றால் புதிதாகக் கம்பி கோர்க்க வேண்டும். 36 கம்பியை ஒன்பது ஒன்பதாக நாலு தடவை கோர்ப்பார்கள். ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பியைத் தாண்டிப் போகும். மூன்றாவதைத் தாண்டும்போது பின்னிப் போக வேண்டும். கம்பியை இப்படிச் சாய்த்துக் கட்டும் முறையை 1874-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி கொண்டு வந்தார். இன்றுவரை அதை மிஞ்சிய முறை தெருவுக்கு வரவில்லை.

கடைசியில் செயின். பின் கவட்டையில் அச்சு முன்னும் பின்னும் நகர நீளக் காடி இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் இருக்கும். நடுவில் விரலால் தூக்கினால் செயின் அரை அங்குலம் ஆட வேண்டும். அதற்கு மேல் ஆடினால் கழன்று விழும். விறைத்து நின்றால் பால்ரஸ் தேயும்.

மேஸ்திரிக்கு என்ன மரியாதை?

இப்போது கூலி விஷயத்துக்கு வருகிறேன். கோபமாகவே வருகிறேன்.

நகரில் எந்தச் சைக்கிள் கடை வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

"இன்னாபா, ஒரு வீல் கட்ட இவ்ளோ கேக்குற? ரிம் நான் வாங்கியாந்தேன், கம்பி நான் வாங்கியாந்தேன்."

"சாமான் உங்களுது சார். நேரம் என்னுது."

"பாதி வாங்கிக்க நைனா. சும்மா முறுக்குறது தானே?"

சும்மா முறுக்குவதா? நாலு தடவை, ஐந்து தடவை சுற்றி வந்து, ஒவ்வொரு நிப்பிளையும் கால் திருப்பு, அரைத் திருப்பு என்று ஏற்ற வேண்டும். பக்கவாட்டுக் கோட்டம் பார்க்க வேண்டும். மேடு பள்ளம் பார்க்க வேண்டும். நடு பார்க்க வேண்டும். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கெடும். பாதிக் கூலி கொடுத்தால் பாதி வேலைதான் நடக்கும். மூன்று தடவை சுற்ற வேண்டியதை ஒரு தடவை சுற்றிவிட்டு "ஆச்சு சார்" என்பார். நீங்களும் சந்தோஷமாகப் போவீர்கள். அடுத்த மாதம் கம்பி அறும்.

ஓட்டலில் டிப்ஸ் வைக்கிறோம். செல்போனுக்குக் கண்ணாடி ஒட்ட கேட்டதைக் கொடுக்கிறோம். உயிரைத் தாங்கும் சக்கரத்துக்கு மட்டும் பேரமா?

மணிக்கணக்கு வாடகைச் சைக்கிள் இருந்த காலத்தில் தெருவுக்கு ஒரு கடை. பையன்கள் அங்கேயே குரங்கு பெடல் போட்டுப் பழகி, அங்கேயே பஞ்சர் ஒட்டக் கற்று, அங்கேயே வீல் கட்டக் கற்றார்கள். வாடகைச் சைக்கிள் போனது. கடைகள் குறைந்தன. இன்று பல கடைகளில் பஞ்சர் ஒட்டுவார்கள், ஓவராயில் செய்வார்கள். வீல் கட்டத் தெரியுமா என்று கேட்டால், "அது பெரியவருக்குத் தான் தெரியும்" என்று பதில் வருகிறது. அந்தப் பெரியவருக்கு நாம் கொடுக்கும் கூலியைப் பார்த்து எந்தப் பையன் இந்தத் தொழிலுக்கு வருவான்?

1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய ஊர் இது. அம்பத்தூரில் செய்த வண்டிகள் நாடு முழுக்க ஓடின. அந்த ஊரில் ஒரு சக்கரம் கட்ட ஆள் தேடுவது வெட்கக்கேடு.

வாங்கும்போது ஐந்து சோதனை

கூலியைக் கொடுங்கள். கொடுத்துவிட்டு உரிமையோடு சோதித்து வாங்குங்கள். அதற்குப் படிப்பு வேண்டாம்.

ஒன்று: சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் உள்ள சந்தைப் பாருங்கள். ஒரு மில்லி மீட்டருக்கு மேல் ஆடக் கூடாது.

இரண்டு: கம்பிகளை விரலால் வீணைத் தந்தி மாதிரித் தட்டுங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் 'தொப்' என்றால் அது லூசு.

மூன்று: இரண்டிரண்டு கம்பியாகச் சேர்த்துக் கையால் நன்றாக அழுத்துங்கள். 'டிக், டிக்' என்று சத்தம் வந்தால் கம்பி இன்னும் படியவில்லை. இன்னொரு தடவை கோட்டம் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்கு: ரிம்மின் உள்பக்கம் கம்பி முனை நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவுங்கள். மேலே ரிம் நாடா கட்டாயம் வேண்டும்.

ஐந்து: 100 கிலோ மீட்டர் ஓடியதும் திரும்பக் கொண்டு வந்து காட்டுங்கள். புதுச் சக்கரம் கொஞ்சம் தளரும். இதைச் செய்யாததால்தான் நல்ல சக்கரமும் கெடுகிறது.

பையன்களுக்கு ஒரு எச்சரிக்கை

பிரீவீலே இல்லாமல், பெடலும் சக்கரமும் சேர்ந்தே சுற்றும் வண்டி இப்போது பாஷனாக இருக்கிறது. பிரேக்கையும் கழற்றி விடுகிறார்கள். பழைய ஹப்பில் நிலைப்பல்லை மட்டும் திருகி மாட்டுகிறார்கள். இது தற்கொலைக்குச் சமம்! அதற்கென்று உள்ள ஹப்பில் எதிர்மரையில் ஒரு பூட்டு வளையம் இருக்கும். பிரீவீல் ஹப்பில் அது கிடையாது. காலால் எதிர்த்து மிதித்து நிறுத்தப் பார்த்தால் பல்சக்கரம் கழன்று வரும். நகரத்து ரோட்டுக்குப் பிரீவீலும் இரண்டு பிரேக்கும் வேண்டும். இதில் பேச்சே இல்லை.

பழைய சாமான் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரிம்மோ ஹப்போ அநியாய மலிவாகக் கிடைத்தால் அது எங்கே பூட்டை உடைத்து வந்தது என்று யோசியுங்கள். திருட்டுச் சாமான் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் வாங்கியவர் மீதும் வழக்கு வரும். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 411. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 317. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பில் கேளுங்கள். பில் தராத இடத்தில் வாங்காதீர்கள்.

மாநகராட்சி என்ன செய்கிறது?

சைக்கிள்காரர் தன் பங்குக்குச் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு வருகிறார். ரோடு என்ன செய்கிறது?

மழைநீர் வடிகால் மூடிகளைப் பாருங்கள். கம்பிகள் ரோடு போகும் திசையிலேயே நீளவாக்கில் கிடக்கும் மூடிகள் உண்டு. ரேஸ் சைக்கிளின் மெல்லிசு டயர் அந்தச் சந்தில் இறங்கினால் முன் சக்கரம் அப்படியே நிற்கும். ஆள் மட்டும் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பார். எவ்வளவு நல்ல மேஸ்திரி கட்டிய சக்கரமும் அதற்குத் தாங்காது. அந்த மூடியைத் திருப்பிக் குறுக்குவாட்டில் போட எத்தனை கோடி ஆகும்? கடப்பாரையும் இரண்டு ஆளும் போதும். திருப்ப முடியாத மூடி என்றால் குறுக்கே நாலு பட்டை வெல்டிங் வைக்கலாம்.

2014-ல் மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முதலிடம் என்று ஒரு போக்குவரத்துக் கொள்கையையே ஏற்றுக்கொண்டது. கொள்கை பைலில் இருக்கிறது. சைக்கிள்காரர் சாக்கடை ஓரத்தில் இருக்கிறார்.

வார்டு இன்ஜினீயர்கள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், மெல்லிசு டயர் சைக்கிளில் தங்கள் வார்டைச் சுற்றி வரட்டும். எந்த மூடியைத் திருப்ப வேண்டும் என்று சாயந்திரத்துக்குள் லிஸ்டே ரெடியாகிவிடும்.

வாசகர்களுக்கு நான் சொல்வது இது. எடைக்குப் போடுவதற்கு முன்னால் அந்த வண்டியை ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். பிரேம் நேராக இருந்தால் நல்ல மேஸ்திரியிடம் கொண்டு போங்கள். கியரில், பளபளப்பில், பேஷனில் மிச்சம் பிடியுங்கள். கம்பியிலும் கூலியிலும் மட்டும் பிடிக்காதீர்கள்.

இரும்புக்கடைக்காரர் தரும் காசு இரண்டு நாள் காய்கறிக்கு வரும். சரியாகக் கட்டிய சக்கரம் வருஷக்கணக்கில் உங்களை வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்க்கும்.

அந்த மூடிகளை மாநகராட்சி எப்போது திருப்பப் போகிறது?